தூண் இல்லாத ஏலக்கூடம்

கட்டடங்களுக்கு நாள் குறிப்பது என் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெயர் ஜெனிஷா. என் வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு இப்படி ஏதாவது ‘ஷா’வில்தான் பெயர் முடியும். 2024-ல் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த எழுத்தின் மேல் அப்படி ஒரு மோகம்.

நான் வேலை பார்த்தது கட்டட ஆயுள் வாரியத்தில். எங்கள் கருவிக்கு நாடி என்று பெயர். தலைமுடி கனத்தில் ஓர் ஊசி. சுவரில் ஏற்றிவிட்டு நான்கு நிமிடம் காத்திருந்தால், காங்கிரீட்டின் வலு, கம்பியின் துரு, உள்ளே இறங்கிய உப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். அந்தக் கட்டடம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்கிற எண். அதை வாசலில் பச்சை பெயிண்டில் எழுதிவிடுவோம். ஐந்துக்குக் கீழே வந்தால் சிவப்பு. சிவப்பு எழுதிய தொண்ணூறாம் நாள் இடித்தாக வேண்டும். இந்தச் சட்டம் வந்த பிறகு, பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலைத்தான் பார்க்கிறார்கள். வீட்டு எண் இருபதுக்குக் கீழே என்றால் காபியோடு எழுந்துவிடுவார்கள்.

மணல்துறை மீன் ஏலக்கூடத்துக்கு வந்திருந்த எண் மூன்று. எழுதி எண்பத்தாறு நாள் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இடிக்கும் வண்டி வரும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கத்தான் அந்த வியாழக்கிழமை நான் அங்கே போனேன்.

1965-ல் கட்டிய கூடம் அது. ஏழு காங்கிரீட் அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி ஒரு கூரை. இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவருக்கு இருபத்தெட்டு மீட்டர், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கூரையின் கனம் நான்கே அங்குலம். வார்த்தபோது அடியில் அடித்திருந்த பலகைகளின் ரேகை நூற்றாறு வருடம் கழித்தும் அப்படியே தெரிந்தது. அன்றைக்கு இதையெல்லாம் நான் ரசிக்கவில்லை. காங்கிரீட்டை ரசிப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் கூறியவர் ஜோஸ்பின் வாஸ், ஐம்பத்திரண்டு வயது, கூடத்துச் சங்கத்தின் தலைவி. கையில் மைக். என்னைப் பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. கடைசிக் கூடை சாளை போன பிறகுதான் கை கழுவிக்கொண்டு வந்தார்.

“நாள் சொல்ல வந்திருக்கிய.”

“திங்கட்கிழமை, பத்து மணி. இதுல கையெழுத்துப் போடணும்.”

“போன புயல்ல வடக்குக்கரை மாடிவீடுகள்ல பால்கனி பேந்து விழுந்துச்சு மேடம். எங்க கூரையில ஒரு துளி ஒழுகல. அதுக்கு எண்பது, எங்களுக்கு மூணா?”

“ஒழுகுறது வேற, விழுறது வேறம்மா. நாடி பொய் சொல்லாது.”

இதை நான் எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜோஸ்பின் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பாரம்பரியக் குழுவின் பதில். பாரம்பரியக் கட்டடம் என்று அறிவித்துவிட்டால் நாடி எண் செல்லாது, இடிக்க முடியாது. அதற்காக மூன்று முறை மனு போட்டிருக்கிறார்கள். ‘1947-க்குப் பிந்தைய சிமெண்ட் கட்டுமானங்கள் பாரம்பரியமாகக் கருதப்படா’ என்று அச்சில் இருந்தது. அதன் பக்கத்தில் யாரோ கையால், ‘மேலும் இது மீன் கொட்டகை’ என்று எழுதியிருந்தார்கள்.

“கல்லுன்னா கோயிலு, சுண்ணாம்புன்னா அரண்மனை. சிமெண்டுக்கு என்ன பெருமைன்னு கேக்காவ,” என்றார் ஜோஸ்பின். “நீங்க என்ன சொல்லுதிய?”

“என் வேலை எண் சொல்றது மட்டும்தான்.”

“அப்போ இதக் கேட்டுட்டுப் போங்க. இதுக்கு முந்தி இங்க கிடந்தது ஓட்டுக் கொட்டகை. முப்பத்திரெண்டு தூணு. ஒவ்வொரு தூணும் ஒரு விசைப்படகு முதலாளி வீட்டுக்குப் பாத்தியம். அவிய தூணடியிலதான் அவிய மீனு. தூணு இல்லாத பொம்பளையளு, ஓலப்பெட்டியில கொஞ்சம் மீனு வச்சிருக்கவளுவ, வெளிய வெயில்ல. ஒரு நாளு தூணுச் சண்டையில வெட்டுக்குத்து ஆகி ரெண்டு பேரு செத்துட்டாவ. நகராட்சியில சங்கரலிங்கம்னு ஒரு சின்ன வயசு இஞ்சினியரு. விசாரிக்க வந்தவரு, தூணு இருந்தாத்தான என் தூணு, உன் தூணுன்னாராம். போயி இதப் படம் போட்டுக் கொண்டாந்தாரு.”

நான் மேலே பார்த்தேன். வெளிச்சம் அலைகளின் இடைவெளிகளிலிருந்து எல்லா மூலைக்கும் ஒன்றுபோல விழுந்துகொண்டிருந்தது. பார்த்தேனே தவிர மனம் இளகிவிடவில்லை. கதைகளுக்கு இரங்கினால் என் வேலையில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

பேனாவை நீட்டியபோதுதான் கீழே கிடந்ததைக் கவனித்தேன். ஜோஸ்பின் பக்கத்துத் தராசில், ஒரு தட்டில் மீன் கூடை, மறுதட்டில் சதுரமான காங்கிரீட் கட்டை. எல்லாப் பக்கமும் ஆறு அங்குலம். கூடம் முழுக்க அப்படிக் கட்டைகள் கிடந்தன. சிலது ஐஸ் பெட்டிக்கு முட்டு, சிலது தார்ப்பாய்க்குப் பாரம்.

“இது என்னக்கா?” மேடத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் எப்போது அக்காவுக்கு மாறினேன் என்று தெரியவில்லை.

“எங்க எடைக்கல்லு. எட்டேகால் கிலோ. மின்தராசு வந்தும் எங்களுக்கு இதுலதான் நம்பிக்கை.”

குனிந்து புரட்டினேன். மீன் தண்ணீரில் ஊறி வழவழவென்று இருந்தது. ஒரு பக்கத்தில் ஈரக் காங்கிரீட்டில் ஆணியால் கீறிய எழுத்து: ‘அலை 4, 14-3-65’.

எடைக்கல் இல்லை அது. கூரை வார்க்கிற அன்றைக்கு, வார்க்கிற கலவையிலேயே கொஞ்சம் எடுத்து அச்சில் இட்டு வைக்கும் சோதனைக் கட்டை. சிலவற்றை உடைத்துப் பார்த்து வலுவைக் குறித்துக்கொள்வார்கள். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இவர்கள் தூக்கிப் போடவில்லை, நூறு வருடமாக மீன் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். நாடியால் தொடாமல், அதே கூரையின் வலுவை அளக்க ஒரு வழி என் காலடியில் கிடந்தது.

“இதுல ஒண்ண எனக்குக் கொடுப்பீங்களா? உடைக்கணும்.”

“எங்கம்மா கையில இருந்து எனக்கு வந்த கல்லு மேடம்.”

ஜோஸ்பின் குனிந்து அந்தக் கட்டையை எடுத்தார். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்து என் கையில் வைத்தார். “உடைச்சா உண்மையச் சொல்லணும். கூட்டியும் வேண்டாம், குறைச்சும் வேண்டாம்.”

மறுநாள் அந்த ஊர் பாலிடெக்னிக்கில் கட்டையை அழுத்தும் இயந்திரத்தில் வைத்தேன். அதற்கு முன் நாடி ஊசியை அதில் ஏற்றினேன். சதுர சென்டிமீட்டருக்கு நூற்றுப்பத்து கிலோ வலு என்றது நாடி. இயந்திரத்தில் நூற்றுப்பத்தைத் தாண்டியது. இருநூறைத் தாண்டியது. முந்நூறில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நானூற்று முப்பதில்தான் அது உடைந்தது.

நாடி பொய் சொல்லாது. அது காங்கிரீட்டுக்குள் ஓடும் ஒலியையும் மின்சாரத்தையும் கேட்கிறது, அவ்வளவுதான். கேட்டதை வலுவாக மாற்றுவது ஓர் அட்டவணை. அந்த அட்டவணையை எழுதியது யார் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. நான்தான். இருபத்தைந்து வயதில், வாரியத்தில் சேர்ந்த புதிதில்.

அப்போது பழைய காங்கிரீட் எனக்குத் தேவைப்பட்டது. நன்றாக நிற்கும் பழைய கட்டடத்தின் சொந்தக்காரர்கள் யாரும் துளை போட விடவில்லை. அதனால் இடிந்து விழுந்த கட்டடங்களின் குப்பையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கினேன். செத்துப்போனவர்களை மட்டும் விசாரித்துவிட்டு, பழைய ஆட்களெல்லாம் நோஞ்சான்கள் என்று முடிவுகட்டிய புத்திசாலி நான். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அட்டவணையை வைத்து ஆயிரத்து நானூறு பழைய கட்டடங்களுக்குச் சிவப்பு எழுதியிருக்கிறோம். அவற்றில் எத்தனை இந்தக் கூடத்தைப்போல நன்றாக இருந்தனவோ, இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

இயக்குநர் இளஞ்சேரனைத் திரையில் அழைத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, பதவியில் இருக்கும் மனிதர்.

“ஜெனிஷா, சோதனைக் கட்டைக்குன்னு தனியா நல்லாக் கலக்குறது எல்லாக் காலத்திலயும் உண்டு. சிமெண்டை அள்ளிப் போட்டு நாலு கட்டை செய்வாங்க. கூரைக்கு வேற கலவை போகும். கட்டையை வச்சு கூரையை நம்ப முடியாது.”

“அப்ப கூரையையே சோதிக்கலாம் சார். விதி பதினாலு.”

எண்ணில் சந்தேகம் வந்தால் சுமைச் சோதனை வைக்கலாம், அது முடியும்வரை இடிக்கக் கூடாது என்கிறது விதி பதினாலு. கையெழுத்திட்ட பொறியாளர் சோதனை முழுக்கக் கூரைக்கு அடியிலேயே இருக்க வேண்டும். முடிவை அதே இடத்தில் பொதுமக்கள் கேட்க வாசிக்க வேண்டும். இதையும் எழுதியது நான்தான், யாரும் இதைக் கேட்டு வரமாட்டார்கள் என்கிற திமிரில்.

“வாரியத்து வண்டி, பளு எதுவும் கிடைக்காது,” என்றார் இளஞ்சேரன்.

“வேண்டாம் சார்.”

ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னை விடவில்லை. கட்டைக்குத் தனிக் கலவை. பழைய காங்கிரீட்டுக்குக் குப்பையைப் பொறுக்கினேன், சரி. புதிய காங்கிரீட்டுக்கு அட்டவணை போட எதை உடைத்தேன்? கட்டுமான நிறுவனங்கள் வரிசையாக அனுப்பிவைத்த சோதனைக் கட்டைகளை. எல்லாம் கண்ணாடிபோல வழவழவென்று, ரிப்பன் கட்டாத குறையாக வந்தன.

சனிக்கிழமை என் தம்பி ஜெபின் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் கிரேன் இயக்குபவன். வடக்குக்கரையில் வெண்மணல் அடுக்ககம், பத்தொன்பதாவது மாடி. வாசலில் பச்சையில் எண்பது. அந்த எண்பதைப் பார்த்துத்தான் அந்த வீட்டை வாங்கச் சொன்னேன், நானேதான் சொன்னேன். கூடத்திலிருந்து மீன் வாடை வருகிறது என்று அந்த அடுக்ககத்துக்காரர்கள் மனுக்கூடப் போட்டிருந்தார்கள். ஜெபினும் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அவன் மனைவி ரக்‌ஷி மீன்குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு எழுந்தபோது பால்கனிக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த உருளையைக் கண்டேன். உள்ளங்கை அகலம், ஒரு முழ நீளம்.

“ஏல, இது என்ன?”

“ஏசிக்குக் குழாய் விட சுவத்துல ஓட்டை போட்டாங்கல்லக்கா, அதுல வந்த துண்டு. கதவுக்கு ஆச்சுன்னு வச்சிருக்கேன்.”

“அது தாங்குற சுவரா?”

“ஆமா, மெயின் சுவரு. அதான் போடவே விடல, சண்டை போட்டுப் போட்டேன். ஏன்?”

“நான் எடுத்துட்டுப் போறேன்.”

“எடுத்துக்கோ. எங்க வீட்ட ஒடச்சுக் கூடத்துக்கு ஒட்டப் போறியா?” என்று சிரித்தான்.

நாடி அந்தத் துண்டுக்கு நானூறு சொன்னது. நூற்று முப்பதில் அது நொறுங்கியது. உள்ளே ஒரு சிப்பி ஓடு இருந்தது, கழுவாத கடல் மணல். ஒரு துண்டை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்று, புயலில் விழுந்த பால்கனித் துண்டுகள் நான்கைப் பொறுக்கி உடைத்தேன். நூற்று நாற்பதைத் தாண்டி எதுவும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினேன். ஊரின் எல்லாக் கட்டடங்களுக்கும் ஏற்கனவே எடுத்த நாடிப் பதிவுகளைத் திருத்திய அட்டவணையில் போட்டேன். ஏலக்கூடத்துக்குத் தொண்ணூற்றாறு வந்தது. வடக்குக்கரையின் பதினோரு அடுக்ககங்களில் ஒன்பதுக்கு ஐந்துக்குக் கீழே. வெண்மணலுக்கு நான்கு.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். நான்குதான்.

திங்கட்கிழமை காலை இடிக்கும் வண்டி வந்து நின்றபோது, நான்காவது அலையின் மேல் பளு ஏற ஆரம்பித்திருந்தது. எட்டரை டன் வேண்டும். ஐந்நூற்று அறுபது குடம் தண்ணீர். ஜோஸ்பின் வெள்ளிக்கிழமையே ஊருக்குள் சொல்லியிருந்தார், வீட்டுக்கு ஒரு குடம்.

“எதிர்க்கவே கடல் இருக்கு. பளுவுக்கு உப்புத் தண்ணி போதும்க்கா,” என்றேன்.

“இந்தக் கூரைக்கு உப்புத்தண்ணி காட்டுறதில்ல,” என்றார் ஜோஸ்பின். “கூரை வார்த்த வருஷம் ஊருல நல்ல தண்ணிக் கிணறு ஒண்ணே ஒண்ணு. கலக்குறதுக்கும் நல்ல தண்ணி வேணும், வார்த்த பொறவு இருவத்தெட்டு நாளு நனைக்கவும் நல்ல தண்ணி வேணும்னு அந்த இஞ்சினியரு ஒத்தக் கால்ல நின்னாராம். வீட்டுக்கு ஒரு குடம் குடுத்தாவ. குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல, சிமெண்டுக்கு. அன்னைலேர்ந்து கூரையக் கழுவுனாலும் நல்ல தண்ணிதான்.”

நானூற்று முப்பது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது. காங்கிரீட்டுக்குத் தாகம் அடங்கக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் மூன்று நாள் ஈரச் சாக்கு போட்டு, படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடுகிறோம். கண்கள் நிறைந்துவிட்டன. காங்கிரீட்டுக்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களை மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

“கூரைக்கடியில குடுத்திருந்த முட்டுக்கட்டையப் பிரிச்ச அன்னைக்கு அந்த இஞ்சினியரு நடுவுல நாக்காலி போட்டு உக்காந்திருந்தாராம்,” என்று ஜோஸ்பின் சொல்லிவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்தேன்.

சாரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். முந்நூறாவது குடம் ஏறும்போது வரிசையில் ஜெபினைப் பார்த்தேன். வேலைச் சட்டையோடு வந்திருந்தான். “அக்கா அடியில உக்காந்திருக்கு, நான் வீட்டுல உக்காந்திருக்க முடியுமா?” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூரையடியில் பொருத்தியிருந்த அளவுமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் குடம் ஏறியபோது கூரை இறங்கியிருந்தது இரண்டு மில்லிமீட்டர். அடியில் ஏலம் எப்போதும்போல நடந்தது. பளு மறுநாள் காலைவரை அப்படியே நிற்க வேண்டும். இரவு முழுக்க நாற்காலியிலேயே நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய் காலை இளஞ்சேரன் நேரில் வந்துவிட்டார். குடங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. என்னைச் சுவரோரம் அழைத்தார். ஞாயிறு மாலையே திருத்திய அட்டவணையை அவருக்கு அனுப்பியிருந்தேன்.

“கூடம் நிக்குது. ஒப்புக்கிறேன்,” என்றார். “பாரம்பரியக் குழுத் தலைவர்கிட்டப் பேசிட்டேன். 1947-ங்கிறதை 1970-ன்னு மாத்தி ஒரு வரி உத்தரவு, என் பையில இருக்கு. இந்தக் கூடம் இன்னையிலருந்து பாரம்பரியச் சின்னம். அதை வாசிங்க. அட்டவணையை வாசிக்க வேண்டாம்.”

“சின்னம்னா எண் தேவையில்ல. எண் தேவையில்லன்னா அட்டவணை தப்பான்னு யாரும் கேக்கமாட்டாங்க.”

“ஒன்பது அடுக்ககம். ரெண்டாயிரம் குடும்பம். இந்த ஊரோட நிக்குமா? மாநிலம் முழுக்க இதே மணல்தான். அஞ்சு துண்டை உடைச்சுப் பாத்துட்டு அத்தனை பேரையும் தெருவுக்குக் கொண்டுவரப் போறீங்களா? குழு போட்டு நிதானமாப் பாக்கலாம்.”

“எத்தனை வருஷம் பாக்கும் சார் குழு? வெண்மணலுக்கு இருக்கிறது நாலு.”

“அதுல உங்க தம்பியும் இருக்கான்னு கேள்விப்பட்டேன்.”

“அதனாலதான் கேக்குறேன்.”

“நீங்க வாசிச்சா இந்த உத்தரவு கிழிஞ்சிடும். அட்டவணையை வாரியம் ஏத்துக்கலைன்னா பழைய மூணுதான் செல்லும், கூடமும் போகும். யோசிச்சுக்கோங்க.”

ஜோஸ்பினிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கூடம் அவருடையது, கேட்காமல் செய்யக் கூடாது என்று நினைத்தேன்.

“உத்தரவ வாங்கிருங்க,” என்றார் பட்டென்று. “எங்களுக்கு வேண்டியது கூடம். அந்த மாடிவீட்டுக்காரவிய எங்க நாத்தத்துக்கு மனுப் போட்டவிய. அவிய வீடு நின்னா என்ன, விழுந்தா என்ன?”

“என் தம்பிக்கா. நேத்து குடம் தூக்குனான்.”

“அப்போ உங்க தம்பிய மட்டும் வெளிய வரச் சொல்லுங்க. எங்க கூடத்த வச்சு நீங்க எதுக்குச் சூதாடுதிய?”

“உண்மையச் சொல்லணும்னு சொல்லித்தான கல்லக் கொடுத்தீங்க. கூட்டியும் வேண்டாம், குறைச்சும் வேண்டாம்னு.”

ஜோஸ்பின் என்னை அறையப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசிக் குடம் இறங்கியது. அளவுமானி முழுசாகப் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது, முக்கால்வாசி திரும்பினாலே தேர்ச்சி. அவர் ஏல மைக்கை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போய்த் தராசுப் பக்கம் நின்றுகொண்டார்.

முதலில் கூடத்தின் எண்ணை வாசித்தேன். தொண்ணூற்றாறு. ஊர் கைதட்டியது. ஜெபின் விசில் அடித்தான். கைதட்டல் அடங்கக் காத்திருந்து, “இதே அட்டவணைப்படி இந்த ஊரின் மற்ற கட்டடங்கள்” என்றேன். இளஞ்சேரன் காரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். ஒரு பெயரை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அப்படிச் செய்தால் வாசிக்காமலே விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் அதையே முதலில் வாசித்தேன்.

“வெண்மணல் அடுக்ககம். நான்கு.”

ஜெபின் கையில் காலிக் குடம் இருந்தது. அதை மெதுவாகத் தரையில் வைத்தான். நான் பட்டியலை முடித்து நிமிர்ந்தபோது அவன் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் பெருமைப்பட அதிகம் இல்லை. வாரியம் என்னைத் தற்காலிகமாக நீக்கியது, பிறகு நிரந்தரமாக. ஆனால் மற்ற ஊர்களில் மனிதர்கள் தங்கள் வீட்டு ஏசித் துண்டுகளை எடுத்துக்கொண்டு பாலிடெக்னிக்குகளின் வாசலில் வரிசையில் நின்றுவிட்டார்கள். அதை எந்த உத்தரவாலும் நிறுத்த முடியவில்லை. இரண்டு மாதத்தில் அட்டவணை மாறியது. வெண்மணல் இன்னும் விழவில்லை. விழாது என்று சொல்லி வழக்கு நடக்கிறது. என்னைச் சபித்துக் கடிதங்கள் வருகின்றன. எல்லாவற்றையும் படிக்கிறேன். ஒரு தவறுக்கு இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள், கொஞ்சம் சாபமும் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை.

அடுக்ககங்களைக் காலிசெய்துவிட்டுப் போக இடமில்லாத அறுபத்தெட்டுக் குடும்பங்களுக்கு ஏலக்கூடத்தைத் திறந்துவிட்டது ஜோஸ்பின்தான். யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு, ஒவ்வொரு குடும்பத்தையும் வரிசைப்படி உட்கார வைத்தார். “மூலை வேணும், சுவரு வேணும்னு யாரும் கேக்கப்புடாது. இங்க எல்லா இடமும் ஒரே இடம்தான்,” என்று மைக்கில் சொன்னார். காலையில் ஏலம், எட்டு மணிக்குத் தரையைக் கழுவிவிட்டதும் குடும்பங்கள். மீன் வாடையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. ஜெபினும் ரக்‌ஷியும் ஐந்தாவது அலைக்கடியில் இருந்தார்கள். நானும் அங்கேயே ஒரு மேசை போட்டு, ஊரார் கொண்டுவரும் காங்கிரீட் துண்டுகளின் கணக்கைத் தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரே வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். அது வலித்தது. இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது.

நடுவில் ஒரு நாள் பாரம்பரியக் குழுவிலிருந்து அதிகாரி ஒருவர் பித்தளைப் பலகையோடு வந்தார். ஊர் உலகமெல்லாம் கூடத்தைப் படம் எடுத்துப் போன பிறகு அவர்களுக்கு ஞானம் வந்திருந்தது. சிமெண்டுக்கும் வரலாறு உண்டு என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார்கள், நன்றாகவே எழுதியிருந்தார்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“எந்தத் தூண்ல மாட்டட்டும்?”

“தூணு இல்ல சார்,” என்றார் ஜோஸ்பின். “அதுக்குத்தான இந்தக் கட்டடம்.”

சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டார். பாரம்பரியச் சின்னத்தில் துளை போட அவருடைய விதியிலேயே இடமில்லை என்று எடுத்துக்காட்டினேன். பலகை இப்போது ஒரு எடைக்கல்லில் சாய்ந்து தரையில் நிற்கிறது.

கூடத்துக்குப் பின்னால் புதிய வீடுகள் எழும்பத் தொடங்கின. இரண்டே மாடி. கழுவிய ஆற்று மணல். தளம் போட்ட பிறகு இருபத்தெட்டு நாள் நனைப்பதற்கு ஒரு குழு, வீட்டுக்கு ஒரு குடம். அதற்குப் பொறுப்பு ஜெபின் என்று ரக்‌ஷி சொன்னாள்.

ஒரு காலை, ஏலம் முடிந்து தரை காய்ந்துகொண்டிருந்தபோது என் மேசைக்கு எதிரே வந்து நின்றான். கையில் இருந்ததை மேசையில் வைத்தான். புதிய காங்கிரீட் கட்டை. எல்லாப் பக்கமும் ஆறு அங்குலம். ஒரு பக்கத்தில் ஆணியால் கீறியிருந்தது: ‘வீடு 1, 9-6-72’. அதற்குக் கீழே அவன் பெயரும் ரக்‌ஷி பெயரும்.

“தனியாக் கலந்ததா?” என்றேன். கேட்டாக வேண்டிய கேள்வி அது.

“தளம் போட்ட சட்டியிலருந்து நான்தான் அள்ளுனேன்.” எட்டு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். கொஞ்சம் நின்றுவிட்டுச் சொன்னான், “இன்னையோட இருவத்தெட்டு நாளு. உடைச்சுப் பாத்துச் சொல்லுக்கா.”

எட்டேகால் கிலோ. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பாலிடெக்னிக்கைப் பார்த்து நடந்தேன். தெருமுனை தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். பின்னாலேயே அவனும் வந்துகொண்டிருந்தான்.